ஊர் இலக்கிய வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் நூலக அறையிலோ பள்ளிக்கூட வகுப்பிலோ யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ கூடிப் புத்தகம் பேசுவார்கள். அதைத்தான் இலக்கிய வட்டம் என்கிறோம். இந்தக் கூட்டங்கள் ஊரின் பண்பாட்டுக்கு என்ன செய்திருக்கின்றன, இன்னும் என்ன செய்யலாம் என்று நண்பர்களும், புதிதாக வட்டம் தொடங்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தென் மாவட்டத்துக்காரன். அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே கொஞ்சம் சாயும்.

சங்கம், கழகம், மன்றம், வட்டம் எல்லாம் ஒன்றுதானா?

வேலை ஒன்றுதான், அமைப்புதான் வேறு. தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டு விழா என்று இருந்தால் சங்கம் அல்லது கழகம் என்பார்கள். மேடை இல்லாமல் சுற்றி உட்கார்ந்து பேசினால் வட்டம். வட்டமாக உட்கார்ந்தால் எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பேசத் தயங்குகிற ஒருவர் வாய் திறப்பது பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில்தான்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

நவீன காலத்தில் என்றால் மதுரையிலிருந்து தொடங்கலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் முயற்சியில் மதுரைத் தமிழ்ச் சங்கம் உருவானது. பழைய நூல்களைத் தேடிப் பதிப்பிப்பது, தமிழ்த் தேர்வுகள் நடத்துவது, ‘செந்தமிழ்’ இதழ் என்று அதன் வேலை பெரிது. 1911இல் தஞ்சைக்குப் பக்கத்தில் கரந்தைத் தமிழ்ச் சங்கம். உமாமகேசுவரனார் அதை வளர்த்தார். ‘தமிழ்ப் பொழில்’ அதன் இதழ். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் காரைக்குடியில் தொடங்கும் கம்பன் விழா, கம்பர் சமாதி இருப்பதாக நம்பப்படும் நாட்டரசன்கோட்டையில் போய் நிறைவடையும்.

இவற்றுக்கு நடுவில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) வீட்டில் ‘வட்டத்தொட்டி’ நடந்தது. வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசித்தார்கள். பதிவு, சந்தா, தீர்மானம் எதுவும் கிடையாது. ‘வட்டம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தத் தொட்டிக்கட்டுதான் நினைவுக்கு வரும்.

பிறகு அரசியல் சார்ந்த அமைப்புகள் வந்தன. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா முன்னின்று 1961இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றம், 1975இல் மதுரையில் பிறந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கம். இவற்றின் கிளைகள் சின்னச் சின்ன ஊர்களுக்கும் போயின. ‘கலை இலக்கிய இரவு’ என்ற பெயரில் விடிய விடிய நடந்த விழாக்களில் பறையாட்டமும் ஒயிலாட்டமும் கவிதையும் பேச்சும் ஒரே மேடையில் ஏறின. தப்புப் பறை அடிப்பவரும் பேராசிரியரும் ஒரே இரவில் ஒரே கூட்டத்தின் முன்னால் நின்றது அதற்கு முந்தைய சங்கங்களில் எளிதில் நடந்திராது.

கம்பரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வயற்காட்டில் ஏற்றம் இறைப்பவர் பாடிய பாட்டைக் கேட்டு நின்றாராம். பாதியில் பொழுது சாய்ந்து இறைப்பு நின்றுவிட்டது. அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லையாம். விடிந்ததும் அதே கிணற்றடிக்குப் போய்க் காத்து நின்றாராம். கதை நடந்ததோ இல்லையோ, நம் சங்கங்கள் கம்பரைக் கொண்டாடிய அளவுக்கு அந்தக் கிணற்றடிக்குப் போகவில்லை. போனவர்களைப் பற்றித்தான் அடுத்த பதில்.

புத்தகம் பேசுகிறவர்களுக்கும் ஊர்ப் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு ஒரே பெயரில் பதில் சொல்லலாம்: நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பல்கலைக்கழகப் பதவி கிடையாது. 1967இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக்குழு மாதந்தோறும் கூடும். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், திருத்துவார்கள். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் இயக்கத் தோழர்களும்தான் அதில் இருந்தார்கள். 1969இல் ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழ் வந்தது. இன்று கல்லூரிகளில், மக்களின் வாய்மொழிப் பாட்டையும் கதையையும் வழக்கங்களையும் ஆராய, நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு துறை இருக்கிறது. தமிழில் அதற்கு அடித்தளம் போட்டதில் பெரும்பங்கு இந்தச் சின்னக் குழுவுக்கு உண்டு.

குழு தொடங்கும் முன்பே, 1964இல், அவர் தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ வெளிவந்தது. அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு வட்டமும் ஒரு முறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பாடல்களுக்காக மட்டும் சொல்லவில்லை. பாட்டுக்குக் கீழே என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘வட்டார வழக்கு’ என்று போட்டு அருஞ்சொற்களுக்குப் பொருள் இருக்கும். அடுத்து ‘சேகரித்தவர்’ என்று ஒரு பெயர். அடுத்து ‘இடம்’ என்று ஒரு ஊர். எஸ்.எஸ். போத்தையா என்ற பெயர் அதில் பலமுறை வரும். விளாத்திகுளம் பக்கம் தங்கம்மாள்புரத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். கரிசல் கிராமங்களில் அலைந்து பாட்டுகளை எழுதி வந்தவர். அவரைப் போன்றவர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் இல்லை.

ஒரு ஊர் வட்டத்தால் செய்ய முடிகிற மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையிலிருந்து பேச்சாளரை அழைத்துப் பேச வைப்பது நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் எண்பது வயது ஆனவர் ஒருவருக்குத் தெரிந்த பாட்டையும் சொல்லையும் கேட்டு எழுத உங்கள் ஊர்க்காரர்களை விட்டால் ஆள் இல்லை.

கோவில்பட்டியில் மட்டும் இத்தனை எழுத்தாளர்கள் எப்படி வந்தார்கள்?

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கிராமத்திலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். இருவரும் நண்பர்கள். பிறகு அந்தப் பகுதியிலிருந்தே பூமணி, தேவதச்சன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, சோ. தர்மன் என்று ஒரு வரிசை. கி.ரா.வுக்கு 1991இலும் பூமணிக்கு 2014இலும் சோ. தர்மனுக்கு 2019இலும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மழை குறைந்த கரிசல் மண்ணும் தீப்பெட்டி ஆபீஸும் உள்ள ஒரு ஊர் இது.

மண்ணின் மகிமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, ராத்திரி கடை அடைத்த பிறகும் நின்று பேசுவதற்கு அங்கே ஆள் இருந்தது. மூத்தவர் எழுதிவிட்டார் என்பது இளையவருக்குத் துணிச்சல் கொடுத்தது. ‘நம்ம ஊர்ப் பேச்சை அப்படியே எழுதலாம் போல’ என்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு, அதை ஏற்கெனவே எழுதிக்காட்டிய ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். வட்டம் எழுத்தாளரை உருவாக்காது. எழுத வந்தவர் தனியாக இருந்து சோர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளும்.

வட்டார வழக்கைத் தூக்கிப் பிடித்தால் நல்ல தமிழ் கெட்டுவிடாதா?

கெடாது. தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்கள் திசைச்சொல். இலக்கணம் அவற்றை வெளியே தள்ளவில்லை, உள்ளே இடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ‘கொச்சை’ என்று நாம் ஒதுக்குகிற பேச்சில் பழைய சொல் பத்திரமாக இருக்கும். தென் மாவட்டத்து வீடுகளில் பாத்திரம் கழுவித் தண்ணீர் விடுகிற இடம் அங்கணம். 720ஆம் குறளில் இதே சொல் இருக்கிறது. தகுதியில்லாத அவையில் பேசுவது அங்கணத்தில் அமிழ்தத்தைக் கொட்டுவது போல என்கிறார் வள்ளுவர். ‘தூய்மையில்லாத முற்றம்’ என்று உரை எழுதுவார்கள். எங்கள் பக்கத்துப் பாட்டிக்கு அந்த உரை தேவைப்படாது. அதே குறளில் அவையைக் குறிக்க ‘கோட்டி’ என்றொரு சொல் வருகிறது. திருநெல்வேலியில் கோட்டி என்றால் பைத்தியம்! ஒலி ஒன்றாக இருந்தும் பொருள் எங்கோ நிற்கிறது. ஒரு வட்டத்தில் இந்த ஒரு குறளை எடுத்துக்கொண்டால் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம்.

கி.ரா. நண்பர்களின் உதவியோடு கரிசல் வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்து 1982இல் வெளியிட்டார். அவர் ஒரு சம்சாரி, அதாவது விவசாயி; மொழியியல் படித்தவர் அல்ல. அதன் பிறகு பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் கண்மணி குணசேகரன் கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுக்கும் சொல்லகராதி செய்தார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வட்டார வழக்குச் சொற்களுக்குத் தனிக் குறிப்பே போடுகிறது. ஆக, இந்த வேலைக்கு முன்மாதிரி இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. எல்லா மாவட்டத்துக்கும் இப்படி ஒன்று வந்துவிடவில்லை என்பதுதான் குறை.

எந்தச் சொற்களை முதலில் சேகரிப்பது?

தொழிற் சொற்களை. உறவுப் பெயரும் வசவும் சாப்பாட்டுப் பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, கொஞ்ச நாள் தாங்கும். ஒரு தொழில் நின்றுபோனால் அதன் சொற்கள் ஒரே தலைமுறையில் போய்விடும். கமலை இறவை ஒரு உதாரணம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்தில் சால், தும்பி, வடம், வால்கயிறு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் இருந்தது. ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறும், கமலையே சில இடங்களில் கவலை, சில இடங்களில் கபிலை. பம்புசெட் வந்தது. மாடு போனது, கமலை போனது, அந்தச் சொற்களும் போய்விட்டன. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல்.

பனைத்தொழிலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அரிவாள் பெட்டி, முருக்குத்தடி, தளைநார், கலயம், பயினி என்கிற பதநீரைக் காய்ச்சும் குடிசையான விடிலி. ஏறுகிறவர்கள் குறையக் குறைய இந்தப் பெயர்களும் குறைகின்றன. ஒரு முறை பனையேறும் பெரியவர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தோம். மைக் பிடித்துப் பேசச் சொன்னபோது அவருக்குப் பேச்சே வரவில்லை. பிறகு ஒருவர் அவருடைய அரிவாள் பெட்டியைக் கையில் எடுத்து ‘இது என்ன அண்ணாச்சி?’ என்று கேட்டார். அவ்வளவுதான், ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். சொல் தானாக வரும்.

கடற்கரை ஊர்களில் என்றால் காற்றிலிருந்து தொடங்கலாம். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கொரு காற்று. கரையில் தெரியும் மலை, கோபுரம் போன்றவற்றை அடையாளம் வைத்துக் கடலுக்குள் இடம் குறிக்கிற ‘கணியம்’ என்ற அறிவு கன்னியாகுமரிக் கரையில் உண்டு. இப்போது ஜிபிஎஸ் அதைச் செய்கிறது. நெசவு ஊர் என்றால் பாவு, ஊடை, நாடா, அச்சு. ஒவ்வொரு வட்டமும் தன் ஊரின் ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தாலே போதும்.

பாட்டும் கதையும் சேகரிக்கும்போது எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

கைபேசியில் ஒலிப்பதிவு செய்வது இப்போது எல்லோருக்கும் முடியும். அதனாலேயே ஒரு சிக்கல். பதிவு ஆயிற்று என்ற நிம்மதியில் குறிப்பு எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஐந்து வருஷம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் யார் குரல், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. பாடியவர் பெயர், வயது, தொழில், ஊர், நாள், அதை யாரிடம் கற்றார், எந்தச் சமயத்தில் பாடுவது. இவ்வளவையும் அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவிட வேண்டும்.

ஊர் என்பதில் கவனம் தேவை. பெண்கள் பாடினால் அவர்கள் இப்போது இருக்கும் ஊர், பிறந்த ஊர் இரண்டையும் கேளுங்கள். நாங்கள் தொடக்கத்தில் இதைக் கேட்காமல் விட்டோம். ஒரு நடவுப் பாட்டை எங்கள் ஊர்ப் பாட்டு என்று எழுதி வைத்திருந்தோம். நஞ்சையே அதிகம் இல்லாத ஊரில் இப்படி ஒரு நடவுப் பாட்டா என்று ஒருவர் கேட்ட பிறகுதான் மறுபடி போய் விசாரித்தோம். அந்த அம்மா வாக்கப்பட்டு வந்தது தாமிரபரணிக் கரையிலிருந்து. பாட்டு தாய்வீட்டிலிருந்து அவரோடு கூடவே வந்திருக்கிறது. கல்யாணம் என்பது பாட்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிற வழியும்தான்.

எழுதும்போது திருத்தாதீர்கள். ‘வாளப்பளம்’ என்று பாடியிருந்தால் அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் வேண்டுமானால் விளக்கம் போடுங்கள். ஆசிரியர்கள் நிறைந்த வட்டங்களில் இந்தக் கை அரிப்பை அடக்குவது கொஞ்சம் கஷ்டம்.

ஒப்பாரி விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது பரவலான நம்பிக்கை. வீட்டுக்குள் உட்கார்ந்து ‘பாடுங்க பாட்டி’ என்று வற்புறுத்தக் கூடாது. களத்து மேட்டிலோ தோப்பிலோ பாட அவர்களே சம்மதித்தால் பதிவு செய்யலாம். சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுவதுதான் முறை. பாடத் தொடங்கியவர் நடுவில் நிஜமாகவே அழுதுவிடுவதும் உண்டு. அப்போது பதிவை நிறுத்திவிட்டுக் கூட உட்கார்ந்திருங்கள்.

பாடியவருக்கு என்ன கொடுப்பது?

பணம் கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பேச்சாளருக்குப் பஸ் கட்டணம், சாப்பாடு, உறையில் ஒரு தொகை என்று ஏற்பாடு செய்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நமக்காக உட்கார்ந்து பாடிய அம்மாவுக்கு ஒரு சால்வை மட்டும் போர்த்தினால் அது நியாயமில்லை. குறைந்தது அன்றைய கூலியாவது போய்ச் சேர வேண்டும்.

அப்புறம் பெயர். அச்சில் வந்தால் பாடியவர் பெயர் சேகரித்தவர் பெயருக்கு மேலே வரட்டும். வெளியிடலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இணையத்தில் காணொளியாகப் போடுவதென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். புத்தகத்துக்குச் சரி என்றவர் காணொளிக்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நலிந்த கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று அரசு அமைப்பு இருக்கிறது. அதில் உறுப்பினராகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, அலுவலகத்துக்குக் கூடப் போய்வருவது போன்ற வேலைகளை வட்டத்தில் படித்த ஒருவர் ஏற்றுக்கொண்டால் அது பத்துப் பாராட்டு விழாவுக்குச் சமம்.

வில்லுப்பாட்டு, கூத்து போன்றவற்றை ஆண்டு விழாவில் மேடையேற்றலாமா?

ஏற்றலாம், ஆனால் இருபது நிமிடம் என்று சொல்லி ஏற்றக் கூடாது. வில்லுப்பாட்டு, கொடை என்று சொல்லும் ஊர்க் கோயில் திருவிழாவோடு சேர்ந்தது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் சேர்ந்து கதை மெல்ல ஏறும். சாமியாட்டம் வருகிற நேரத்துக்குப் பாட்டும் போய்ச் சேரும். கூத்து ராத்திரி தொடங்கி விடியும்வரை நடப்பது. நேரத்தைச் சுருக்கச் சுருக்கக் கலைஞர்கள் வேகமான அடவையும் வேடிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். பார்க்கிற பிள்ளைகள் அதுதான் கூத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மேட்டூர் பக்கம் ஏர்வாடியிலிருந்து வரும் ‘மணல்வீடு’ சிற்றிதழ்க்காரர்கள் இதைச் சரியாகச் செய்கிறார்கள். இலக்கியக் கூட்டத்தோடு சேர்த்து விடிய விடியக் கூத்து நடத்துகிறார்கள், கூத்துக் கலைஞர்களுக்கு மரியாதை செய்கிறார்கள். அந்த அளவுக்கு முடியாத வட்டங்களுக்கு ஒரு யோசனை. கொடை நடக்கிற ஊருக்கு வட்டமே போகட்டும். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் விடியும்வரை கேட்டுவிட்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள். செலவும் குறைவு.

கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை?

கூட்டம் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. பெண்கள் வராத காரணத்தில் பாதி அங்கேயே இருக்கிறது. காலை பத்தரைக்கு மாற்றிப் பாருங்கள், குழந்தைகளையும் கூட்டி வரலாம் என்று சொல்லுங்கள், கழிப்பறை உள்ள இடமாகப் பாருங்கள். மீதிப் பாதி, கூட்டத்தில் யாரைப் பேச வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. தாலாட்டு, கும்மி, குலவை, நடவு, ஒப்பாரி எல்லாம் பெண்களிடம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஆண்கள் கட்டுரை வாசிக்க, பாடத் தெரிந்தவர்கள் வரவேற்பில் சந்தனம் கொடுத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்பட்டது. பொறுப்பை அவர்கள் கையில் கொடுங்கள். எந்த வீட்டில் யாருக்கு எந்தப் பாட்டுத் தெரியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சாதி வசைகள் வரும் பாடல்களை என்ன செய்வது?

மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும், எடுத்த எடுப்பில் மேடையில் பாடவும் கூடாது. ஒரு பாட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது அந்த ஊரின் வரலாறு. அதை வெட்டிவிட்டு அழகாக அச்சிட்டால் வரலாற்றையே வெட்டியதாகும்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்களை மணந்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்து, பாபநாசம் மலைப் பக்கம் தெய்வமாகிறான். வில்லுப்பாட்டில் இன்றும் பாடப்படுகிற கதை. பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று மாற்றிவிட்டார்கள். இந்தக் கதையை 1970களின் தொடக்கத்தில் பதிப்பித்த நா. வானமாமலை இந்த மாற்றத்தைக் கவனித்துச் சொன்னார். இரண்டு வடிவமும் கையில் இருந்ததால்தான் எது எப்படி மாறியது, ஏன் மாறியது என்று பேச முடிகிறது. அதனால் உங்கள் ஊரில் ஒரே கதையை இரண்டு தெருக்காரர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், எது சரி என்று தீர்ப்பு எழுதாமல் இரண்டையும் எழுதி வையுங்கள். எல்லாத் தெருவுக்கும் போகாத வட்டத்துக்கு ஒரு வடிவம்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வட்டத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

மாதம் கூடிப் பேசுவதற்குத் தேவையில்லை. நன்கொடை வாங்கி, வங்கிக் கணக்கு வைத்து, புத்தகம் வெளியிடுவதென்றால் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பல சங்கங்கள் அதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இடத்துக்கும் செலவுக்கும் என்ன வழி?

இடம் கிடைப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஊருக்கு ஊர் கிளை நூலகம் உண்டு, பலவற்றில் ‘வாசகர் வட்டம்’ என்று ஓர் அமைப்பும் உண்டு. நூலகரிடம் போய்ப் பேசுங்கள். டீச் செலவை அன்று வந்தவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். பொன்னாடை, நினைவுப் பரிசு, பிளக்ஸ் மூன்றையும் நிறுத்தினால் மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கிவிடலாம்.

பள்ளிப் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?

பேச்சுப் போட்டி வைக்காதீர்கள். மனப்பாடம் செய்து கத்திவிட்டுப் போவார்கள். ‘உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உன் வாத்தியாருக்குத் தெரியாத பத்துச் சொல் கொண்டு வா’ என்று சொல்லுங்கள். பேரன் பேத்தி கேட்டால் தாத்தா பாட்டிக்கு உற்சாகம் தாங்காது, இருபது சொல்லுவார்கள். வீட்டுப் பேச்சைப் பள்ளியில் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைக்கு அன்று முதல்முறையாக அதே பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும்.

அரசே புத்தகத் திருவிழாவும் இலக்கியத் திருவிழாவும் நடத்துகிறதே, இனி வட்டம் எதற்கு?

நல்ல விஷயம்தான் நடக்கிறது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் புத்தகத் திருவிழா நடத்திக் காட்டியது. இன்று எல்லா மாவட்டங்களிலும் அரசு ஆதரவில் நடக்கிறது. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றங்கரைப் பெயர்களில் இலக்கியத் திருவிழாக்களும் நடந்தன. ஆயிரக்கணக்கில் மாணவர்கள் வருகிறார்கள். ஆனால் திருவிழா சில நாளில் முடிந்துவிடும், அடுத்தது அடுத்த வருஷம். அதில் ஒரு புத்தகம் வாங்கிய பெண் பதினைந்து நாளில் படித்து முடித்து, யாரிடமாவது பேச வேண்டும் என்று தவிப்பாள். அப்போது அவளுக்குப் போக ஓர் இடம் வேண்டும்.

வட்டம் நின்றுபோனால் சேகரித்ததெல்லாம் என்ன ஆகும்?

பெரும்பாலும் செயலாளர் வீட்டுப் பரணில் இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு பழைய பேப்பர் கடைக்குப் போகும். இப்படி ஒரு வீட்டில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த நோட்டுகளைக் கடைசி நேரத்தில் மீட்டவர்கள் எனக்குத் தெரியும், ஒரு வாரம் தாமதித்துப் போனவர்களையும் தெரியும். எந்த வட்டமும் ஒரு நாள் நிற்கும். செயலாளருக்கு மாற்றல் வரும், இருவருக்குள் மனஸ்தாபம் வரும். அதனால் நடக்கும்போதே பிரதிகளைப் பிரித்து வைத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அந்த வருஷம் சேர்ந்ததைத் தட்டச்சு செய்து, சாதாரண நகலெடுத்துத் தைத்தாலே போதும். ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒன்று பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறைக்கு, ஒன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்துக்கு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் தேடிச் சேர்த்த புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் இன்று அந்த நூலகமாக நிற்கின்றன. யாருக்கு இது தேவைப்படும் என்று நினைத்து நீங்கள் விடுகிற தாளை ஒருவர் தேடி வருவார்.

இன்னொரு பிரதி பாடியவர் வீட்டுக்கு. தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அவர் பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, ‘அங்க ஒரு வரி விட்டுப்போச்சு தம்பி’ என்று அவர் சொல்லக்கூடும். பேனா கொண்டு போங்கள்.